சனிக்கிழமை விடிய ஓர் அவுன்ஸ்

சென்ற மாதம் ஒரு பின்னேரம், துறைமுக மருந்தகத்தில் இப்போது மருந்து கலவையாளராக இருக்கும் இளைஞர் அன்புவழிபுரத்திலுள்ள என் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உப்பும் சீனியும் இன்னும் இரண்டொரு சாமானும் அளந்து கலந்தது. வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றிப்போனவர்களுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லிச் சுகாதாரத் திணைக்களம் அனுப்பத் தொடங்கியிருக்கிறதாம். அந்த இளைஞர்தான் துறைமுக உதைபந்தாட்ட அணிக்கும் முதலுதவிக்காரர்.

“உங்கட காலத்தில விளையாடேக்க விழுந்த ஆக்களுக்கு என்ன குடுத்தனீங்கள், ஐயா?” என்று கேட்டார்.

“விழுந்த பிறகு குடுத்ததை விடும் தம்பி. விழ முதல் என்ன குடுத்தனாங்கள் எண்டு கேளும்” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு கதை கேள்விப்பட்டிருந்தார். “முந்தி எங்கட டீம் ஒவ்வொரு சீசனிலயும் முதல் மூண்டு மெட்சும் தோக்குமாம். பிறகுதான் வெல்லத் தொடங்குமாம். மெய்யோ?”

“ஓம், மெய்தான்.”

“ஏன் ஐயா?”

அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் ஐந்து வருடம் மண்டையைக் குடைந்தவன். விடையோ அவ்வளவு காலமும் என் கையில்தான் இருந்தது.

கொழும்பில் நான் மருந்து கலக்கப் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தராசு, உரல், லேபிள், டாக்டர்மாரின் கோழிக் கிறுக்கல். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒரு சட்டம்: எழுதியிருப்பதைத்தான் கலவையாளன் கொடுக்க வேண்டும். ஒரு துளி கூடவோ குறையவோ ஆகாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்கவே கூடாது. முழுச் சேவைக்காலத்திலும் நான் அந்தச் சட்டத்தை ஒரேயொரு தடவை மீறினேன். அது இந்த உதைபந்தாட்டத்தால் வந்த வினை.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன கையோடு எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு நியமனம் கிடைத்தது. சரக்குக் கிட்டங்கிக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் இரண்டு அறை மருந்தகம். விறாந்தையில் ஒரு நீள வாங்கு. உள்ளே மருந்து அலுமாரிகள், என் மேசை, அப்போதிக்கரி நாகநாதரின் கதிரை. அப்போதிக்கரி என்றால் முழு டாக்டர் அல்ல. ஆனால் துறைமுகத்துக்கு அவர்தான் டாக்டர். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் களிசான், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, சங்கிலி போட்ட மணிக்கூடு. மூட்டை தூக்குகிறவரையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். என்னை மட்டும் ‘நீர்’ என்பார், அது உரிமை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால் மணிக்கூட்டை எடுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கே எல்லோரும் நடுங்கினார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆட்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுக்கும் நாட்களில் முதல் குவளையைத் தானே குடிப்பார். “நான் விழுங்காத சாமானை நீங்கள் விழுங்குங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது” என்பார். அவர் குடித்த பிறகு யார்தான் மாட்டேன் என்பது?

துறைமுக அணியின் சீசன் மாரி மழை விட்டு மைதானம் காய்ந்ததும் தொடங்கும். ஞாயிறு பின்னேரங்களில் ஆட்டம். அப்போதிக்கரி கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு அமர்ந்திருப்பார். நான் முதலுதவிப் பெட்டியோடு பக்கத்தில் நிற்பேன். முதல் மூன்று ஆட்டங்களில் எங்கள் ஆட்கள் சேற்றில் நடக்கிற மாதிரி ஓடுவார்கள். நாலாவது ஆட்டத்தில் அதே ஆட்கள்தான் பேய் பிடித்தவர்கள் போல் ஓடி வெல்வார்கள். ஆனால் மூன்று ஆட்டம் தோற்றவன் கிண்ணத்துக்கு எங்கே போவது?

தோல்விக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கடற்பக்கத்துக் கோல் கம்பம் சரிவு என்றார்கள். அதை நிமிர்த்திவிட்டுத் தோற்றோம். கண்ணூறு என்றார்கள். கோயிலில் தேங்காய் உடைத்தோம், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம், பள்ளிவாசலில் துஆக் கேட்டோம். ஒரு பக்கத்தையும் குறைவிடவில்லை. அதற்கும் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி.

வெறும் விளையாட்டென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அணியில் பாதிப்பேர் தற்காலிகத் தொழிலாளர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. சீசன் முடிய, நன்றாக விளையாடியவர்களில் இரண்டொருவரை நிரந்தரமாக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயர்ப்பட்டியலில் அப்போதிக்கரியின் கையெழுத்தும் வேண்டும்: ஆள் சுகதேகி, மருத்துவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன் என்று. பிள்ளைகுட்டிக்காரர்களின் வாழ்க்கை அந்த மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தது.

எனக்கு எதையும் ஏன் என்று கேட்கிற அரிப்பு சிறு வயதிலிருந்தே உண்டு. ஒரு கொப்பி வாங்கி, யார் எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறார், எங்கே பிடித்துக்கொண்டு விழுகிறார் என்று குறித்து வரத் தொடங்கினேன். இரண்டு சீசனிலேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முதல் மூன்று ஆட்டத்திலும் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். நாலாவதிலிருந்து ஒருவரும் விழவில்லை. தொடக்கத்திலிருந்தே விழாதவன் ஒரேயொருவன்: கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் சாலி. இடப்பக்கத்தால் பந்தைக் கொண்டு ஓடுகிறவன், தற்காலிகத் தொழிலாளி, நாலு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இனி அந்தச் சனிக்கிழமை ஒழுங்கைச் சொல்ல வேண்டும். வயிற்றில் அழுக்கும் பூச்சியும் வைத்துக்கொண்டு ஒருவன் ஓட ஏலாது என்பது அப்போதிக்கரியின் முடிவு. நம் ஆட்களும் வருடத்துக்கு இரண்டு தரமாவது பேதிக்குக் குடிக்காவிட்டால் ஏதோ கடமை தவறிவிட்ட மாதிரி நினைக்கிறவர்கள்தானே. ஆகவே சீசனின் முதல் மூன்று சனிக்கிழமைகளிலும் சூரியன் ஏற முதல் அணி முழுவதும் மருந்தக வாங்கில் வந்து இருக்கும். நான் ஆமணக்கெண்ணெயை இளஞ்சூடாக்கி, அவுன்ஸ் குவளையில் கோடு பார்த்து ஊற்றுவேன். அப்போதிக்கரி முதலில் குடிப்பார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து மூக்கைப் பொத்திக் குடித்து, புளிக்கிற தேசிக்காய்த் துண்டைக் கடித்து, வாயைத் திறந்து காட்டி, தன் பெயரை உரத்துச் சொல்ல வேண்டும். பெயர் தெளிவாக வந்தால் மருந்து உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அன்று முழுவதும் அவர்களுக்கு வேறு வேலை இருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சனி இரவும் ஞாயிறு மதியமும் பத்தியம்: மருந்தகத்துப் பின்பக்கக் குசினியில் காய்ச்சும் உப்பில்லாத கஞ்சி. பின்னேரம் ஆட்டம்.

வாசிக்கிறவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நோயைத் தேடுகிறவன் மருந்துப் போத்தலுக்குள் தேடுவதில்லை.

சாலியால் மட்டும் அந்த நேரத்துக்கு வர ஏலாது. ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் துறைப் படகை இங்கே ‘பாதை’ என்போம். கிண்ணியாவிலிருந்து அவன் பாதை ஏறி நகரத்துக்கு வந்துசேர வெயில் ஏறிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை வேலை முடிய அவனுடைய பங்கை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். ‘சனி விடிய, வெறும் வயிற்றில்’ என்று லேபிளும் ஒட்டுவேன்.

நாலாவது சீசன் முடிய என் கொப்பியை அப்போதிக்கரியிடம் பெருமையோடு நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாக வாசித்தார்.

“சூசைப்பிள்ளை, இது பெரிய வேலை” என்றார். “சாலி ஒரு நாளும் விழேல்லை. பாத்தீரோ? மருந்து அவருக்கு மட்டும்தான் சரியாப் பிடிச்சிருக்கு. மற்றவைக்கு அளவு காணாது.”

நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த சீசனில் ஓர் அவுன்ஸ் ஒன்றரை அவுன்ஸ் ஆனது. சாலிக்குப் பழைய அளவே போதும் என்று விட்டார். நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல் பெயராக அவன் பெயரையும் எழுதி, அலுமாரியில் தன் லாச்சிக்குள் வைத்தார்.

ஐந்தாவது சீசனின் முதல் ஆட்டம். இடைவேளைக்கு முன்பே எங்கள் நடுக்காவல்காரன் மரியதாஸ் விழுந்தான். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அல்ல. வெட்டிய வாழை போல, சத்தமே இல்லாமல். நான் ஓடினேன். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கைத்தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. நாடி நூல் போல ஓடியது. அவன் மனைவி சனத்துக்குள்ளிருந்து “ஐயோ, என்ர மாதாவே” என்று கத்திக்கொண்டு வந்தாள்.

அப்போதிக்கரி வந்து மண்ணில் முழங்கால் குத்தி இருந்தார். வெள்ளைக் களிசான் செம்மண் ஆனதை அவர் கவனிக்கவில்லை. “இளநீர். அதில உப்பும் சீனியும் போட்டுக் கொண்டாரும்” என்றார். மரியதாஸின் தலையை மடியில் வைத்து, மணிக்கூட்டை இடக்கையில் பிடித்து, நிமிடத்துக்கு ஒரு கரண்டி. ஓங்காளித்தால் இரண்டு நிமிடம் நிறுத்தி மறுபடி ஒரு கரண்டி. ஆட்டம் முடிந்து சனம் கலைந்த பிறகும் அந்தக் கரண்டி நிற்கவில்லை. பொழுது படும் நேரம் மரியதாஸ் கண்ணைத் திறந்து, “கோல் அடிச்சிட்டாங்களா?” என்று கேட்டான். அடித்துவிட்டார்கள், நாலு.

“வெயில்” என்றார் அப்போதிக்கரி, களிசானைத் தட்டியபடி.

எனக்கு அந்த விடை ஒட்டவில்லை. கரண்டி கரண்டியாக உப்பு உள்ளே போகப் போகத்தானே ஆள் எழும்பினான்? அப்படியென்றால் அவனுடைய உப்பு முதலில் எங்கே போனது? அந்தக் கிழமை முழுவதும் இதே யோசனை. வெள்ளிக்கிழமை சாலிக்குப் போத்தலை ஊற்றிக் கொடுத்தபோது, “தம்பி, நானும் உம்மோட வாறன். நீர் என்ன சாப்பிடுறீர் எண்டு பாக்கப் போறன்” என்றேன். அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. போத்தலை மடியில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கிண்ணியாவில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பாட்டைப் பார்க்க முதல் என் மூக்கு வேலை செய்தது. ஆமணக்கெண்ணெய் வாசம். வருடக்கணக்காக அளந்து ஊற்றியவனுக்கு அது தப்புமா? சுவரில் ஆணியடித்து அவனுடைய விளையாட்டுச் சப்பாத்து தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். தோல் காது மடல் போல மெத்தென்றிருந்தது. ஒரு வெடிப்பு இல்லை.

“சாலி?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “ஐயா, உங்களுக்குப் பொய் செல்ல ஏலா. நான் ஒரு நாளும் குடிக்கல்ல.”

“ஒரு நாளும்?”

“விடிய அதைக் குடிச்சிட்டு எப்பிடி ஐயா பாதை ஏறுற? நடுத் துறையில வயிறு கலக்கினா எங்க போற? பொம்புளைங்க, வண்டில், மாடு எல்லாம் நிக்கிற பாதை. முதல் வருசம் கொட்டத்தான் போனேன். வாப்பா செல்லிச்சு, நல்ல எண்ணெய், சப்பாத்துத் தோலுக்குப் பூசுடா எண்டு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்போதிக்கரி ஐயாட காதுக்குப் போனா என்ட பேரை வெட்டிருவாரு. நாலு பொம்புளப் புள்ளைங்க, ஐயா.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது: விழாதவன் குடிக்காதவன். ஆனால் அந்த விடையை நான் யாருக்கும் காட்ட ஏலாது. காட்டினால் சாலியின் வேலை போகும். காட்டாவிட்டால் மற்றப் பத்துப் பேரும் குடிப்பார்கள், மரியதாஸ் இன்னொரு தடவை விழுவான், எழும்புவான் என்று என்ன நிச்சயம்?

அன்றிரவே கடைசிப் பாதையில் திரும்பி வந்தேன். மறுநாள் மரியதாஸைத் தவிர மற்றவர்கள் வாங்கில் வந்திருந்து குடித்தார்கள். அவனுக்கு அந்தக் கிழமை ஓய்வு. இரண்டாவது ஆட்டமும் போனது. திங்கட்கிழமை அப்போதிக்கரியிடம் மெதுவாகக் கேட்டேன்: “ஐயா, மூண்டாவது தரத்தை விட்டுப் பாப்பமோ? ஒரு கிழமைக்குத்தான்.”

மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். “பாதியில விட்டால் அது மருந்தில்லை, சூசைப்பிள்ளை. மரியதாசும் வரட்டும். அவருக்கு அரை அவுன்ஸ்.”

மூன்றாவது சனிக்கிழமை நான் எல்லோருக்கும் முதல் மருந்தகத்துக்குப் போனேன். ஆமணக்கெண்ணெயை அளந்து ஊற்றவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கினேன். வாசத்துக்கு மட்டும் இரண்டு துளி ஆமணக்கெண்ணெய் விட்டேன். குசினியில் கஞ்சிக்கு வைத்திருந்த பானைக்குள் ஒரு கை உப்பு போட்டேன். பிடிபட்டால் என் வேலை போகும், போக வேண்டியதும்தான். மூக்கைப் பொத்திக் குடிக்கிற விளையாட்டுக்காரர்களை நம்பலாம். ஆனால் முதல் குவளை அவருடையது.

அவர் குவளையை வாங்கினார். மூக்கைப் பொத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மிடறு உள்ளே போனது. நின்றார். கண் என் பக்கம் திரும்பியது. வாங்கில் பத்துப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. பிறகு அவர் மிச்சத்தையும் குடித்தார், தேசிக்காயைக் கடித்தார், வாயைத் துடைத்தார்.

“நாகநாதர்” என்று தன் பெயரை உரத்துச் சொன்னார். “அடுத்தவர் வாங்கோ.”

மறுநாள் ஆட்டத்தில் ஒருவரும் விழவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். மரியதாஸ் கடைசி வரை நின்றான். அவன் மனைவி மைதானத்துக்குள் ஓடிவந்து அவனுக்கு அடிக்கிற மாதிரிக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் ஆரவாரம் செய்ய, அப்போதிக்கரி மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திங்கள் காலை கதவைச் சாத்தச் சொன்னார்.

“சனிக்கிழமை எனக்கு என்ன தந்தனீர்?”

“நல்லெண்ணெய், ஐயா.”

“வாயில வைச்ச உடனேயே தெரிஞ்சுது.”

“பிறகேன் ஐயா பேசாமல் இருந்தனீங்கள்?”

“எனக்கும் அறிய விருப்பமாக் கிடந்தது” என்றார்.

என் கொப்பியைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். சாலியின் பெயர் வந்த இடங்களில் விரல் நின்று நின்று போனது. “போத்தல் வீட்டை போன ஒரே ஆள் இவர்தானே?” என்றார். அவர் தானே கண்டுபிடித்துவிட்டார்.

“பேரை வெட்டிப் போடாதேங்கோ, ஐயா” என்றேன். “அவன் எண்ணெயை வீணாக்கேல்லை. சப்பாத்துக்குப் பூசினவன்.”

“நாளைக்கு வரச் சொல்லும். சப்பாத்தோட.”

சாலி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. அப்போதிக்கரி சப்பாத்தை வாங்கி, நுனியை வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்தார்.

“எத்தினை வருசம்?”

“அஞ்சு, ஐயா.”

“வெடிக்கேல்லை.”

“இல்ல, ஐயா.”

“நீங்கள் குடிச்சனான் எண்டு காட்டினது பிழை. விளங்குதோ?”

“விளங்குது, ஐயா.”

“ஒருத்தரையும் ஒண்டும் கேக்காமல் நான் அளவைக் கூட்டினது அதைவிடப் பெரிய பிழை” என்றார். லாச்சியைத் திறந்து பட்டியலை எடுத்தார். சாலியின் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தார். சாலி சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தையில் நின்று அழுதான். எனக்கும் கண் கலங்கியது. போத்தல் கழுவுகிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

“உமக்குத் தண்டனை என்ன எண்டு பிறகு யோசிப்பம்” என்று என் முதுகுக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது.

அடுத்த சீசனின் முதல் சனிக்கிழமை விடிய, வாங்கில் ஆட்கள் இல்லை. பதினொரு சோடிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. சாலி சின்னத் துணியோடு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். அப்போதிக்கரி அலுமாரியிலிருந்து அவுன்ஸ் குவளைகள் இரண்டை எடுத்து, ஆமணக்கெண்ணெயைக் கோடு பார்த்துத் தானே ஊற்றினார்.

“சூசைப்பிள்ளை, இத்தினை வருசமும் அளந்தனீர், எழுதினனீர். ஒரு நாளாவது குடிச்சனீரோ?”

“இல்லை, ஐயா.”

“இதுதான் தண்டனை” என்று ஒன்றை என்னிடம் நீட்டினார். தனக்கு ஒரு தண்டனையும் இல்லாதபோதும், மற்றதை எனக்கு முன்பே குடித்து முடித்தார். நான் குடித்தேன். வாயைத் திறந்து காட்டி என் பெயரைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மேலே எழுத மாட்டேன். உப்பில்லாத கஞ்சியும் தந்தார்.

ஞாயிறு ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே பறந்தார்கள். முதல் இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல். அப்போது எதிரணிக்காரர் ஒருவர் மோதி விழ, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி மைதானத்தில் என் கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்தது. பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐந்து வருடமாக எழுதி வைத்த நோவு இதுதானா என்று அப்போதுதான் தெரிந்தது. சாலி பந்தை விட்டுவிட்டு ஓடிவந்து, என் காலைத் தூக்கித் தன் தோளில் வைத்து நீவிவிட்டான். உப்புத் தொட்ட தேசிக்காய்த் துண்டையும் வாயில் வைத்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அப்போதிக்கரி கதிரையிலிருந்து எழும்பவில்லை. எழும்ப ஏலாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார்.

“இருபத்திரண்டாவது நிமிசம்” என்று கூப்பிட்டுச் சொன்னார். “கொப்பியில எழுதும்.”

எழுதினேன். என் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும்.